இரைப்பை அறுவைக்குப் பிறகு புரதப் பொடியை ஃபில்டர் காபியில் கலப்பது எப்படி?

அம்மாப்பேட்டை ஆசிரியை

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒரு குழாய் அளவுக்கு மட்டும் மிச்சம் வைக்கிறார்களே, அந்த ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. காயம் ஆறிவிட்டது. எடை இறங்குகிறது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் முன்போல் கெஞ்சுவதில்லை. அதிலெல்லாம் எனக்குக் குறையே இல்லை. குறை முழுவதும் புரதப் பொடியில்தான்.

நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் உள்ளே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு முட்டை, இரண்டு கரண்டி குழைந்த பருப்பு, கொஞ்சம் கெட்டித் தயிர். அதற்குமேல் ஒரு வாய் வைத்தாலும் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே பொடி இல்லாமல் கணக்கு நேராகாது. வீட்டில் வெனிலா ஒரு டப்பா, சாக்லேட் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறோம். முன்பு இனிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போது அந்தத் தித்திப்பு நாக்கில் பட்டாலே குமட்டுகிறது. மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனபோது, வெறும் வயிற்றில் இல்லாமல், நாளுக்கு ஒரு வேளை இலேசாகக் காபி குடிக்கலாம் என்று மருத்துவர் அனுமதி தந்துவிட்டார். எங்கள் வீட்டில் மாமியார் காலை ஐந்தரைக்கே டிக்காஷன் இறக்கிவிடுவார். இத்தனை வாரமாக அந்த மணத்தை மட்டும் முகர்ந்துகொண்டு இருந்திருக்கிறேன். காபி கிடைக்கிறது என்றால் பொடியையும் அதனோடு சேர்த்தே உள்ளே அனுப்பிவிடலாமே என்று ஆசை. ஆனால் ஆவி பறக்கும் காபியில் பொடியைப் போட்டதும் பால் திரிந்ததுபோல் திப்பி திப்பியாக மிதக்கிறது. வடிகட்டலாம் என்றால், வடிகட்டியில் நிற்பதுதானே எனக்கு வேண்டிய புரதம்?

திரியாமல் கலக்க வழி உண்டா? தித்திப்பு இல்லாமல், ஏலக்காயோ சுக்கோ ஏதாவது நம் ஊர் வாசனையோடு செய்து குடிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உடன் வேலை பார்க்கும் ஒருவர், கொலாஜன் பொடி (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதமாம்) என்றால் சூடான காபியிலேயே கரைந்துவிடும், அதையே வாங்கிக்கொள் என்கிறார். அது சரிதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம் தம்பி

அக்கா, நான் அறுவை எதுவும் செய்துகொண்டவன் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதால் தினமும் புரதப் பொடி குடிக்கிறேன். எனக்கும் வெனிலா வாசனை ஆகாது. ஆறின காபி, ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு துண்டு கருப்பட்டி, பொடி எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்துவிடுவேன். கருப்பட்டியின் மணம் மேலே நின்று பொடி வாசனையை மறைத்துவிடும். வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதால் உடம்புக்கும் நல்லது. ஒரு முறை செய்து பாருங்கள்.

உணவியல் ஆலோசகர், ஃபேர்லேண்ட்ஸ்

தம்பி அன்போடு சொல்லியிருக்கிறார். அவர் உடம்புக்கு அது பொருந்தும். டீச்சர், உங்களுக்கு அது வேண்டாம். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே இந்த விஷயத்தில் சர்க்கரைதான். பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவை, செய்துகொண்டவர்களுக்கு இனிப்பான திரவம் இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்குள் கொட்டிவிடும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று அரை மணி நேரத்துக்குள் ஆளை உட்காரவைத்துவிடும். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு இது குறைவுதான்; வராது என்று சொல்ல முடியாது. அப்படி எதுவும் வராவிட்டாலும் சர்க்கரைத் தண்ணீர் பசியை அடக்காமல் கலோரியை மட்டும் சேர்க்கும். வாழைப்பழத்தில் குற்றமில்லை. ஆனால் இப்போது உங்கள் இரைப்பையில் இருக்கும் இடம் மிகக் கொஞ்சம். அந்த இடத்தைப் புரதத்துக்கு விட்டுவையுங்கள்.

கொலாஜன் பற்றி. அது சூட்டில் கரையும் என்பது உண்மை. ஆனால் உடம்புக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆகவேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் அதில் அறவே இல்லை. ஆகவே 60 கிராம் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். அறுவைக்குப் பிறகு மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நடக்கிறது. அந்தப் பயத்தில் கொலாஜன் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். முதலில் முழுமையான புரதம் போதுமான அளவு போகிறதா என்று பாருங்கள். பால் திரியும்போது பிரிந்து நிற்கும் தெளிந்த நீரிலிருந்து எடுக்கும் வே புரதம், அதிலும் ஐசொலேட் என்று டப்பாவில் போட்டிருப்பது, உங்கள் நிலைக்குப் பொருந்தும். அதில் பால் சர்க்கரை மிகக் குறைவு. அறுவைக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இரைகிறவர்களுக்கும் பெரும்பாலும் இது ஒத்துக்கொள்கிறது. மணமும் இனிப்பும் சேர்க்காத பொடி என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கிறது.

காபியைப் பற்றி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடோ பாலோடோ விழுங்காதீர்கள். காபியில் இருக்கும் பொருள்களும் பாலின் கால்சியமும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவிலும் அதே இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதைத் தண்ணீரில் விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துக் காபிக்கு வாருங்கள். இந்தக் காபியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. காபி எப்போது தொடங்கலாம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஒரு மாதம் என்பவர்களும் உண்டு, மூன்று மாதம் என்பவர்களும் உண்டு. பைபாஸ் ஆனவர்களுக்குத் தையல் போட்ட இணைப்பில் புண் வரும் அபாயம் இருக்கிறது. புகைபிடிப்பதும் வலி மாத்திரையும் அதற்கு முக்கியக் காரணங்கள். அதனால் அவர்களுக்குச் சில மருத்துவர்கள் காபியிலும் கண்டிப்பு காட்டுவார்கள். உங்கள் அறுவை மருத்துவர் சொன்ன நாளே உங்களுக்குரிய நாள்.

கலக்கும் பக்குவத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஒருவர் இங்கே இருக்கிறார். நாகலூர் ஐயா பார்த்தால் எழுதுவார்.

நாகலூர் காபித் தோட்டக்காரர்

பார்த்துவிட்டேன் அம்மா. மூன்று நாளாகக் களத்தில் வேலை. பழம் பறிப்பு முடிகிற நேரம். அதனால்தான் தாமதம்.

டீச்சரம்மா, ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி, ஓரத்தில் நாலைந்து ஆரஞ்சு மரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். எங்கள் குடும்பம் இதில் இறங்கியது என் தாத்தா காலத்தில். நான்கு வருடத்துக்கு முன்னால் சர்க்கரையும் எடையும் கைமீறிப்போய் பைபாஸ் செய்துகொண்டேன். மூன்று மாதம் காபியைத் தொடக் கூடாது என்றார்கள், தொடவில்லை. அந்த மூன்று மாதமும் வறுத்த கொட்டையை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்துத் தரம் பிரித்தேனே தவிர நாக்கில் வைக்கவில்லை. அதனால் நீங்கள் அந்த ஐந்தரை மணி வாசனையைப் பற்றி எழுதியது எனக்கு அப்படியே புரிகிறது.

முதலில் உங்கள் பொடி ஏன் திரிகிறது என்று சொல்கிறேன். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது கொதியைத் தாங்கும். அதனால்தான் நாம் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்ச முடிகிறது. மிச்சம் ஒரு பங்குதான் வே. உங்கள் டப்பாவில் இருப்பது அந்த ஒரு பங்கை மட்டும் பிரித்தெடுத்தது. சுமார் 70 டிகிரி சூட்டைத் தாண்டினால் அது சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காபியின் இலேசான புளிப்பும் அதற்குத் துணைபோகும். திரிந்ததால் சத்து ஒன்றும் போய்விடாது. வேகவைத்த முட்டையில் புரதம் இல்லையா என்ன? ஆனால் சுருங்கிய இரைப்பைக்கு அந்தக் கட்டிகள் இதமாக இறங்காது. வாயும் ஏற்காது.

ஆகவே சூட்டைப் பொடியிடம் கொண்டுபோகக் கூடாது. பொடியைக் குளிர்ச்சியில் கரைத்து வைத்துக்கொண்டு, சூடு தணிந்த டிக்காஷனை அதன்மேல் ஊற்ற வேண்டும். நான் செய்வதை எழுதுகிறேன். டம்ளரில் முதலில் காய்ச்சி ஆறின பால் 100 மில்லி. கொழுப்பு நீக்கிய பாலாக இருந்தால் நல்லது. அதன்மேல் பொடியை அரைக் கரண்டி தூவுகிறேன். டப்பாவோடு வருமே, அந்தக் கரண்டியில் அரை. முழுக் கரண்டி போட்டால் கஞ்சிபோல் கெட்டித்து, மூன்றாவது மிடறிலேயே போதும் என்றாகிவிடும். தூவியதும் கலக்க வேண்டாம். பொடி தானாகவே பாலைக் குடித்து ஓரத்திலிருந்து கருத்து இறங்கும். இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, முள்கரண்டியால் டம்ளரின் அடியைத் தொட்டுத் தொட்டு மெதுவாகக் கலக்குங்கள். மிக்ஸியோ குலுக்கும் பாட்டிலோ வேண்டாம். அவற்றில் நுரை கட்டும். அந்த நுரையில் இருப்பது காற்று. அது உள்ளே போனால் விலாவுக்கடியில் வந்து பிடித்துக்கொள்ளும். நுரைக்காகவே காபியை விரும்புகிறவர்கள் நாம். ஆனால் இந்தக் காபியில் நுரையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

டவராவுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டிக்காஷனை மட்டும் தனியே டவராவில் ஊற்றி ஆற்றுகிறேன். டவராவை வெறுங்கையால் அடியோடு பிடித்து நிதானமாகப் பத்து எண்ண முடிகிறது என்றால் சூடு சரியாக இருக்கிறது. அப்போது அதை நூல்போல் விட்டுக்கொண்டே மறுகையால் கலக்க வேண்டும். ஐம்பது மில்லி டிக்காஷன் போதும். நிறம் காபி நிறமாகவே வரும். கட்டி விழாது. குடிக்கும்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மார்கழிக் குளிரில் இங்கே அது போதவில்லை என்றால் டம்ளரைக் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் நிற்கவைக்கிறேன். அடுப்பில் மட்டும் ஏற்றுவதில்லை.

கணக்கு ஆசிரியைக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா? ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம் உள்ள பொடி என்றால் அரைக் கரண்டிக்கு 12. நூறு மில்லி பாலில் மூன்று கிராமுக்குமேல். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் இன்னும் இரண்டு, இரண்டரை. ஆக 17, 18 கிராம் ஒரே டம்ளரில் வந்துவிடுகிறது. பால் பவுடர் வயிற்றைப் பொருமவைத்தால் விட்டுவிடுங்கள். அதில் பால் சர்க்கரை அதிகம். இந்த டம்ளரை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். உறிஞ்சுகுழலில் இழுத்தால் காற்றும் கூடவே வரும்.

இனி காபி. இதை விரிவாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புரதப் பொடிக்கு ஒரு மந்தமான பால்மாவு வாசனை உண்டு. அதை மறைக்க விலை உயர்ந்த எசென்ஸ் எதுவும் தேவையில்லை. நல்ல காபியே மறைத்துவிடும். காபியில் அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. மலிவான தூளில் ரொபஸ்டா அதிகம் இருக்கும். அராபிகாவைவிட அதில் காஃபின் கிட்டத்தட்ட இரு மடங்கு, கசப்பும் கூடுதல். உங்களுக்கு நாளுக்கு ஒரு வேளைதான் அனுமதி என்றால் அந்த ஒரு வேளை அராபிகாவாக இருக்கட்டும். இந்த மலையில் பெரும்பாலும் விளைவது அதுதான். எங்கள் தோட்டத்தில் எஸ்.795 செடிகள், இந்தப் பக்கத்தில் பழைய நம்பிக்கையான ரகம். நடுத்தரமாக வறுத்தது உங்களுக்கு ஏற்றது. கருக வறுத்தால் பொடியோடு சேரும்போது கரிச்சுவை தட்டும். இலேசாக வறுத்தால் புளிப்பு முன்னால் நிற்கும்.

சிக்கரியைப் பற்றி எனக்குப் பிடிவாதம் கிடையாது. அதில் காஃபின் இல்லை, நிறம் கொடுக்கும். ஆனால் இனுலின் என்ற நார்ப்பொருள் அதில் நிறைய இருக்கிறது. சிலருக்கு வாயு பிடிக்கும். உங்கள் வீட்டுத் தூளில் 30 சதவீதம் சிக்கரி இருந்தால் சிலகாலம் உங்களுக்கு மட்டும் சிக்கரி கலக்காத தூளாக வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் ஃபில்டரோடு சண்டை வேண்டாம். ஒரு சின்ன ஃபில்டர் தனியாக வாங்கிக்கொண்டால் போதும்.

வாசனைப் பொருளை டம்ளரில் போடாமல் ஃபில்டரில் போடுவது என் வழக்கம். மேல் பாத்திரத்தில் காபித் தூளைப் போடும்போதே ஒரு ஏலக்காயைத் தோலோடு நசுக்கி அதனோடு கலந்துவிட்டு, அழுத்துத் தட்டை வைத்து வெந்நீர் ஊற்றுங்கள். மணம் முழுவதும் டிக்காஷனில் இறங்கும். திப்பி எதுவும் தொண்டைக்கு வராது. பட்டை என்றால் சுண்டு விரல் நகம் அளவுக்குப் போதும். சுக்கு என்றால் தட்டிய துண்டு. தூளாகப் போட்டால் ஃபில்டரின் கண் அடைத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது ஆரஞ்சுத் தோல். எங்கள் மரத்துப் பழத்தை உரித்து, உள்பக்கத்து வெள்ளை நாரைக் கத்தியால் சீவிவிட்டு, நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறோம். ஒரு சின்னத் துண்டைக் காபித் தூளோடு போட்டால், டிக்காஷன் இறங்கியதும் மூடியைத் திறக்கும்போது முதலில் வருவது ஆரஞ்சு மணம், அதன் பின்னால் காபி. வெறும் தோல்தான், சாறு சேர்ந்தால் பால் திரிந்துவிடும். சாக்லேட் வாசனை வேண்டும் என்றால் இனிப்பில்லாத கோகோவைப் பொடியோடு சேர்த்து முதலிலேயே பாலில் கரைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, இரண்டு விரல் நுனியில் ஒட்டுமே, அந்த அளவு போடுங்கள். கசப்பையும், செயற்கை இனிப்பு விட்டுப்போகும் பின்சுவையையும் அது அடக்கும். உங்கள் வெனிலா டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். விலை கொடுத்து வாங்கியது. இனிப்பில்லாத பொடி மூன்று பங்கு, வெனிலா ஒரு பங்கு என்று கலந்தால் தித்திப்பு நாக்கை உறுத்தாது. அதையும் ஏற்க முடியவில்லை என்றால் தம்பி மாதிரி உடற்பயிற்சி செய்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் சேலத்தில் வெதுவெதுப்பான காபியை நினைத்தாலே வியர்க்கும். அப்போது டிக்காஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். பாலில் கரைத்த பொடியில் இரண்டு கட்டி போட்டால் அது கரையக் கரையக் காபி கூடிக்கொண்டே வரும். மெதுவாகக் குடிக்க வேண்டியவர்களுக்கு அதுவே ஒரு அளவுகோல்.

குகை மகள்

ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆரஞ்சுத் தோல் அவருக்கும் பிடித்துப்போயிற்று.

டீச்சர் அக்கா, என் அம்மாவுக்கு இன்னும் காபிக்கு அனுமதி வரவில்லை. வயிற்றில் பழைய புண் இருந்ததால் மருத்துவர் தள்ளிப்போட்டிருக்கிறார். அவருக்கு நான் சுக்குமல்லிக் காபியில்தான் பொடி கலக்கிறேன். தனியா இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, நாலு மிளகு, இரண்டு ஏலக்காய். தனியாவை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்து வைத்திருக்கிறேன். ஒரு கரண்டியைக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, ஆறவிட்டு, ஐயா சொல்கிற மாதிரியே குளிர்ந்த பாலில் கரைத்த பொடியின்மேல் ஊற்றுகிறேன். மிளகு காரம் அதிகமானால் அம்மாவுக்கு நெஞ்சு எரிகிறது; அதனால் இப்போது இரண்டு மிளகோடு நிறுத்திவிட்டேன். வழக்கமாகப் போடும் கருப்பட்டியை விட்டுவிட்டேன். முதல் இரண்டு நாள் கஷாயம்போல் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். பிறகு பழகிவிட்டது. இதில் காஃபின் கிடையாது என்பதால் மாலையிலும் கொடுக்க முடிகிறது.

இன்னொன்று, அக்கா. எப்போதும் பால் வாசனையாகவே இருந்தால் வெறுத்துவிடும். மணமில்லாத பொடியைப் பருப்புத் தண்ணீரில் கரைத்து, சீரகமும் உப்பும் போட்டு மதியம் கொடுத்துப் பார்த்தேன். அம்மா எதுவும் சொல்லாமல் குடித்துவிட்டார்.

அம்மாப்பேட்டை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஐயா, மணமில்லாத ஐசொலேட் வாங்கி, நீங்கள் சொன்னபடியே இன்று காலை ஏலக்காய் போட்டுச் செய்தேன். ஒரு கட்டி இல்லை. அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு முழு டம்ளரையும் குடித்து முடித்தேன். மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, டிக்காஷனை ஆற்றுவதைத் தானே செய்துதருகிறேன் என்று டவராவை வாங்கிக்கொண்டார். இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். இத்தனை நாள் அதைக் காலைப் பாலோடு விழுங்கச் சொல்லி வீட்டில் எல்லோரும் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டிவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். காபியைக் காலையில் வீட்டில் குடிப்பதைவிட, பதினொரு மணி இடைவேளையில் பள்ளியில் குடித்தால் எனக்கு உதவியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் தலை சுற்றுவதுபோல் ஒரு சோர்வு வருகிறது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காபியும் வந்துவிடுகிறது. வீட்டிலேயே கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போகலாமா? சுக்குமல்லி மாலைக்கு. தங்கைக்கு என் அன்பு.

உணவியல் ஆலோசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதினொரு மணிச் சோர்வைக் காபியால் மூடிவிடாதீர்கள் டீச்சர். காலையிலிருந்து அதுவரை எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வகுப்பில் நின்று பேசுகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுவார்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். உங்களால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் மேசையில் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சில மிடறு குடியுங்கள். அப்படியும் தலை சுற்றினால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவராக இருந்தால் உடனே சொல்லுங்கள். எடை குறையும்போது மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டிவரும்.

நாகலூர் காபித் தோட்டக்காரர்

கலந்து கொண்டுபோக வேண்டாம் அம்மா. ஃபிளாஸ்க் சூட்டில் பொடி மெல்ல மெல்லக் கட்டிவிடும். பாலும் புரதமும் கலந்ததை வெதுவெதுப்பாக மூன்று நான்கு மணி நேரம் வைத்திருந்தால் கெட்டும் போகும்.

சேலத்துக்கு இறங்கும் நாளில் நான் செய்வதைச் சொல்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பித் திரும்பி இறங்கும்போது வயிற்றில் எதையும் வைத்திருக்க முடியாது. அதனால் கீழே வந்துதான் கலக்கிறேன். மூடி இறுக்கமான ஒரு சின்ன டப்பாவில் புரதப் பொடி அரைக் கரண்டி, பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, விரல் நுனி உப்பு, எல்லாம் உலர்ந்தபடியே. சின்ன ஃபிளாஸ்கில் டிக்காஷன் மட்டும். இன்னொரு பாட்டிலில் காய்ச்சி ஆறின தண்ணீர். அஸ்தம்பட்டியில் இறங்கி எங்காவது உட்கார்ந்து, டப்பாவிலேயே தண்ணீர் விட்டுக் கரைத்து, இரண்டு நிமிடம் கழித்து டிக்காஷன். பால் கெட்டுப்போகும் என்ற கவலையே இல்லை. பால் பவுடர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கோகோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்காஷனைக் கொதிக்கக் கொதிக்க ஃபிளாஸ்கில் அடைக்காதீர்கள். ஆற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் பதினொரு மணிக்குத் திறந்தவுடன் ஊற்றலாம். பள்ளியில் டவரா தேட வேண்டியதில்லை. ஃபிளாஸ்கை மாலையில் வீட்டுக்கு வந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். பழைய டிக்காஷன் நெடி ஒரு முறை ஏறிவிட்டால் எத்தனை நல்ல தூள் போட்டாலும் போகாது. தூளையும் அதிகமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். அரைத்த தூள் இரண்டு வாரத்தில் மணம் இறங்கிவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடையில் சிக்கரி வேண்டாம் என்று சொல்லி நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். ஒரு வேளைக் காபிக்கு அது தாராளம்.